லாத்தாவின் ரகசியக் குரல்

டென்மார்க்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் காலை வணக்கம் சொன்னாரா, கொட்டாவி விட்டாரா என்பதை அவர் உதட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நான் ஒலிப் பொறியாளன். சத்தத்தை அளப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் இந்த ஊர்க்காரர்களின் பேச்சு இன்றுவரை என் காதுக்கு முழுசாக வந்து சேர்ந்ததில்லை.

கீழக்கரையில் எங்கள் வீடு அப்படியல்ல. கடல் காற்று, மிக்ஸி, தெருவில் ஆட்டோ எல்லாவற்றையும் தாண்டி மாடியிலிருந்து வாசலுக்குப் பேசிப் பழகிய குடும்பம். என் லாத்தா, அதாவது அக்கா, ரகசியம் சொன்னால் மூன்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். கூடப் படித்தவர்கள் துபாய்க்கும் தோஹாவுக்கும் போனபோது நான் மட்டும் வடக்கே வந்து, காது கேட்கும் கருவி செய்யும் ஆய்வகத்தில் சேர்ந்தேன். சாதாரணக் கருவி எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் காதில் கொட்டும். நான் கண்டுபிடித்தது இரைச்சலை விலக்கிப் பேச்சை மட்டும் உள்ளே விடும். ஐந்து வருட உழைப்பு. இரைச்சல் நடுவே பேச்சு வேண்டுமே என்று லாத்தாவின் வீடியோ கால்களைப் பதிவுசெய்து கருவியைப் பழக்கினேன். குரல் எந்த அளவுக்குக் கீழே போனால் இரைச்சல் என்ற எல்லையை அவள் ரகசியக் குரலில் வைத்தேன். உலகத்தில் இதைவிட மெல்ல யார் பேசிவிடப் போகிறார்கள் என்ற நினைப்புத்தான்!

போன மாதம் சோதனை. தேறாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாகத் தலைவி பிர்கிட்டா சொல்லியிருந்தார். தட்டும் கரண்டியும் மோதும் கேன்டீனில், காது மந்தமான யென்ஸ் என்ற பெரியவருக்குக் கருவியை மாட்டி, எதிரே அவர் மனைவியைப் பேசவைத்தோம். அந்த அம்மா பேசினார், பேசினார். பெரியவர் சிரித்த முகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று சோதனை முறைப்படி அட்டையில் எழுதிக் காட்டினேன்.

"அருமை. கல்யாணமானதிலிருந்து இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை" என்றார்.

பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன். பிர்கிட்டாவின் முகத்தைப் பார்த்ததும்தான், மனைவி பேசியது அவருக்குக் கேட்கவே இல்லை என்று புரிந்தது. ஐந்து வருடமும் போச்சே என்ற பதற்றத்தில் டேனிஷ் மறந்து ஊர்க்குரல் வந்துவிட்டது.

"பெரியவரே, ஒண்ணுமே கேக்கலையா?"

யென்ஸ் துள்ளி எழுந்தார். "என்ன மொழியோ தெரியாது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது! தட்டுச் சத்தம் துளியும் இல்லை!"

கருவியில் கோளாறில்லை. லாத்தாவின் ரகசியத்தை எட்டாத டேனிஷ் பேச்சு முழுவதையும் அது இரைச்சல் என்று ஒதுக்கியிருக்கிறது. மடிக்கணினியைத் திறந்து எல்லையை இறக்கினேன். பெரியவர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். "சட்டையில் சாஸ் வழிகிறது என்று எத்தனை தடவை சொல்வது?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

திட்டம் பிழைத்தது. பிர்கிட்டா என் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ சொன்னார். எனக்குத்தான் கேட்கவில்லை. சந்தோஷம் தாங்காமல், வீடு திரும்பும் பஸ்ஸிலேயே ஊருக்குப் போன் போட்டேன்.

"லாத்தா, ஜெயிச்சிட்டேன்."

முன் சீட்டுப் பெண் திரும்பி முறைத்தார். போனில் லாத்தா, "ஏன்டா தம்பி முணங்குற? ஒடம்புக்கு முடியலையா? சத்தமாப் பேசு!" என்றாள். ஒரே குரல்தான். இங்கே அதிகம், அங்கே போதவில்லை.

மணியை அழுத்தி, என் வீட்டுக்கு மூன்று நிறுத்தம் முன்பே இறங்கினேன். எதிர்க்காற்றில் நின்று, தொண்டை கிழிய, "லாத்தா, ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். போனுக்குள் எங்கள் வீடே கூவியது. பஸ் ஜன்னல்களில் வரிசையாகத் தெரிந்த முகங்கள் என்னைப் பார்த்தபடியே சத்தமில்லாமல் நகர்ந்து போயின.