தலை சொன்ன ஓம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் முதலாளி எனக்குத் தந்த ஒரே அறிவுரை ரேடியோவைப் பற்றியதல்ல, என் தலையைப் பற்றியது. "கடைக்காரன் கேள்வி கேக்கேக்கை தலையை ஆட்டாதை. நீ ஓம் எண்டுறியோ இல்லை எண்டுறியோ எண்டு ஒருத்தனுக்கும் விளங்காது. கழுத்தை நேரா வைச்சுக்கொண்டு வாயாலை பதில் சொல்லு." அவர் இத்தாலிய மொழியில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். அவர் சொல்லி முடித்ததும் நான் விளங்கிவிட்டது என்று தலையை ஆட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருக்கிற கார் ஓடியோ கடைகளுக்கு டிஜிட்டல் ரேடியோப் பெட்டிகளை விற்கிற வேலை அது. புதுக் கார்கள் அந்த ரேடியோவோடுதான் வருகின்றன. எங்கள் பெட்டி பழைய கார்களுக்கு. டாஷ்போர்டில் கையகலப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, முன்கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய அன்ரனா ஒன்றை ஒட்டிவிட்டால் இரைச்சல் இல்லாமல் பாட்டுக் கேட்கலாம். நான் ஒரு மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவேன். ஸ்பீக்கர்கள் அதிர்ந்துகொண்டிருக்கிற அந்தக் கடைகளில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண்.

இங்கே குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. நான் செயற்கைக்கோளிலிருந்து பிடிக்கிற செய்மதி ரேடியோ விற்கிறேன் என்று எப்படியோ கதை பரவிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "செய்மதி எண்டால் தமிழ் ரேடியோவும் பிடிக்குமெல்லோ?" என்பார்கள். செய்மதி இல்லை, மலையில் நிற்கிற கோபுரத்திலிருந்துதான் வருகிறது என்று மொன்தே பெல்லெக்ரினோவைக் காட்டுவேன். அந்த மலையில் இருக்கிற புனிதையின் கோயிலுக்குத்தான் அவர்கள் நேர்த்தி வைத்து ஏறுகிறவர்கள். அதனால் அதற்கு மேல் ஒருவரும் சந்தேகம் கேட்பதில்லை.

இந்த வேலைக்கு முன் ஏழு வருடம் வீடுகள் துடைத்தேன். எங்கள் ஆட்களின் பேச்சில் சிஞோரா என்றால் அம்மணி என்று அர்த்தமில்லை. யாருடைய வீட்டைத் துடைக்கிறோமோ அவர்தான் சிஞோரா. "உன்ர சிஞோரா நல்லவவோ?" என்றும், "என்ர சிஞோரா பெருநாளுக்கும் லீவு தரமாட்டா" என்றும்தான் அந்தச் சொல் எங்கள் வாயில் வரும். முதல் தடவை ஒரு கார் ஓடியோ கடைக்குள் காலடி வைத்தபோது அங்கே நின்றவர் "சொல்லுங்கோ, சிஞோரா" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கதவு மட்டும்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வேலையை எப்படியாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் துடித்ததற்கு அந்தச் சொல்தான் முதல் காரணம்.

ஆனால் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பெரிய கடை உண்டு, அதற்கு நகரத்தில் இன்னும் இரண்டு கிளைகள். அந்தக் கடைக்காரர் எங்கள் பெட்டியை எடுத்தால் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொன்னார். எடுக்காவிட்டால் ஜூனோடு சரி. பழையபடி வாளியும் துடைப்பமும்தான். பழைய நகரப் பகுதியான கால்சாவில் நான் கடைசியாகத் துடைத்த வீட்டின் சாவி அப்போதும் என் கைப்பையில்தான் கிடந்தது. அந்த வீட்டுச் சிஞோரா மாதம் ஒரு தடவை தொலைபேசியில் அழைத்து, "புது ஆள் ஒண்டும் சரிவரேல்லை, நீ எப்ப வாறாய்?" என்று கேட்பார். சாவியைத் தர மறந்துவிட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன். நான் மறக்கவில்லை. ஜூனுக்குப் பிறகு என்ன ஆகுமோ என்ற பயத்தில் வைத்திருந்தேன்.

தலையை அடக்கினேன், கால் ஆடத் தொடங்கியது. கடைக்குள் கழுத்தைச் சுளுக்குப் பிடித்தவள் போல விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்பேன். வெளியே வந்து காரில் ஏறினால் வலது கால் நிற்காமல் ஆடும். சிவப்பு விளக்கில் ஆடும், சாப்பாட்டு மேசையில் ஆடும். கோயிலில் நான் வந்து உட்கார்ந்தால் அந்த வாங்கு முழுக்க நடுங்கும். "கொஞ்சம் நிப்பாட்டு, என்ர தேத்தண்ணி தளம்புது" என்று என் கணவர் ஒருநாள் கோப்பையை மேசையிலிருந்து தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் எரிந்துதான் விழுந்தேன்.

பெட்டியில் ஒரு குறை இருந்தது. எனக்கு அது தெரியும். பழைய ரேடியோவில் சிக்னல் குறைந்தால் இரைந்துகொண்டாவது பாடும். இது அப்படியில்லை, சிக்னல் போனால் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். எங்கள் பழைய காரில் பொருத்தி ஊர் முழுக்க ஓடிப் பார்த்தேன். கடற்கரை வீதியில் நன்றாகப் பாடியது. கால்சாவின் ஒடுங்கிய சந்துகளுக்குள் திரும்பியதும் பாட்டு அறுந்தது. நான் துடைத்த வீட்டு வாசலில் போய் நின்றபோது காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. முதலாளியிடம் சொன்னேன். "அதை ஏன் நீயாச் சொல்லப்போறாய்? யாராவது கேட்டால், விடாமல் பாடும் எண்டு சொல்லு" என்றார்.

ஸ்டேஷன் கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பேச்சு மிகவும் குறைவு. முதல் நாள் பெட்டியைப் போட்டுக் காட்டினேன். அவர் தன் நாடியை, முகவாயைத்தான் சொல்கிறேன், சற்று மேலே தூக்கி நாக்கால் 'ச்' என்றார். சிசிலியில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். எங்களிடமோ நாடியைத் தூக்கினால் 'என்ன?' என்று கேட்பதாகும். பலெர்மோவுக்கு வந்த புதிதில் இது தெரியாமல், பேருந்து நிற்குமா என்று கேட்ட கேள்வியை ஒரு ஓட்டுநரிடம் நாலு தடவை திருப்பிக் கேட்டிருக்கிறேன். இப்போது நன்றாகத் தெரியும். ஆனாலும் தெரியாதவள் மாதிரி நடித்தேன். அவர் நாடியைத் தூக்க, விளங்கவில்லை என்கிறாராக்கும் என்ற பாவனையில் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். நாலு தடவை போனேன். நாலு தடவையும் இதே கூத்துத்தான்.

ஐந்தாவது தடவை போனபோது ஜூன் பிறந்துவிட்டிருந்தது. அவர் நாடியைத் தூக்கவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"சிஞோரா, கால்சாச் சந்துகளுக்குள்ளை இது விடாமல் பாடுமோ?"

நிச்சயமாக என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் அந்த நேரம் அந்த வீட்டு வாசலும், பாட்டு அறுந்த காரும், கைப்பைக்குள் கிடந்த சாவியும் ஒன்றாக நினைவுக்கு வந்துவிட்டன. வாய் திறக்கவே இல்லை. மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த தலைதான் அவிழ்ந்துகொண்டு இரண்டு பக்கமும் ஆடியது. எங்கள் ஊர் ஓம்.

அவர் பெட்டியை மேசையில் வைத்தார். "சரி. கால்சா ஆக்களுக்கு முதலே சொல்லிப்போட்டுத்தான் விப்பன். மூண்டு கடைக்கும் அனுப்புங்கோ" என்றார்.

வெளியே வந்து காருக்குள் இருந்த பிறகுதான் நடந்தது விளங்கியது. நான் ஓம் என்று ஆட்டினேன், அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார். நான் சொன்ன பொய்யை, குறையை ஒத்துக்கொண்ட உண்மை என்று நினைத்து வாங்கியிருக்கிறார். முதலாளி தொலைபேசியில் என்னைப் புகழ்ந்து தள்ளினார். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாம் என்றார். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். கால் முன்னைவிட வேகமாக ஆடியது.

அந்தச் சனிக்கிழமை வாடிக்கையாளர்களுக்குப் பெட்டியை விளக்கிக் காட்ட என்னைக் கடைக்கு வரச் சொன்னார் கடைக்காரர். கால்சாவில் மீன் விற்கிற ஒருவர் தன் வானுக்குப் பெட்டி கேட்டு வந்தார். கடைக்காரர் என்னைக் காட்டி, "இவவைக் கேளுங்கோ. இவவுக்குப் பொய் சொல்ல வராது" என்றார். சில சந்துகளில் பாட்டு நின்றுபோகும் என்று சொன்னேன். மீன்காரர் யோசித்துவிட்டு, பரவாயில்லை, போடுங்கள் என்றார். அவருக்குப் பிறகு வந்த ஒருவரிடமும் கடைக்காரர் அதே வார்த்தையைச் சொன்னார். அது என் காதில் விழும்போதெல்லாம் நிலத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவர் பிழையா விளங்கிக்கொண்டால் அது உன்ர பிழையே? பேசாமல் இரன். ஒப்பந்தம் கையிலை வரட்டும்" என்றார் அவர்.

"நான் பொய் சொல்லி வாங்கினால்கூடப் பரவாயில்லை. இது நான் சொல்லாத உண்மைக்குக் கிடைச்சது. அவருக்குச் சொல்லாமல் என்னாலை இருக்கேலாது."

"அப்ப போய்ச் சொல்லு. ஆனால் அதுக்குப் பிறகு வேலை போட்டுது எண்டு என்னோடை சண்டைக்கு வராதை."

வெள்ளிக்கிழமை காலை போனேன். கடையில் வேறு ஒருவரும் இல்லை. அவர் ஒரு ஸ்பீக்கரின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வணக்கம் கூடச் சொல்லாமல் தொடங்கினேன்.

"அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு நான் இல்லை எண்டு சொல்லேல்லை. எங்கடை ஆக்கள் இப்பிடித் தலையாட்டினால் ஓம் எண்டு அர்த்தம். நான் பொய்தான் சொன்னனான். பெட்டியளைத் திருப்பி அனுப்பிறதெண்டால் அனுப்புங்கோ."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கடைக்கு மேல்மாடியிலை உங்கடை ஆக்கள் இருவது வருசமா இருக்கினம். படியிலை எத்தினை தரம் சந்திச்சிருப்பன். உங்கடை ஓம் எது, இல்லை எது எண்டு எனக்குத் தெரியாதே?"

எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "அப்ப ஏன் வாங்கினீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் திருகாணியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு முதல் வந்தவங்கள் எல்லாரும் நான் கேட்டு முடிக்க முந்தியே வாயாலை ஓம் எண்டவங்கள். உங்கடை தலை ஓம் எண்டுது, வாய் வரேல்லை. பொய்க்கு வாய் வராத ஆளை நம்பி வாங்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "என்ர நாடியைப் பாத்து விளங்காத மாதிரி நாலு தரம் நடிச்சீங்கள், அதுவும் தெரியும்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் என்னைத் தவிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று ஆத்திரமும் வந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்கோ, சிஞோரா" என்றார்.

திங்கட்கிழமை கையெழுத்து வைத்தேன். அலுவலகத்திலிருந்து நேராகக் கால்சாவுக்குக் காரை ஓட்டினேன். வழக்கமான இடத்தில் பாட்டு நின்றது. கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி மணியை அடித்தேன். சிஞோரா கதவைத் திறந்து, சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ இனி வேலைக்கு வருவியோ?"

எங்கள் ஊரில் வயது போனவர்களைப் பார்த்து நாடியைத் தூக்கினால் அடி விழும். அதனால் இந்த எட்டு வருடத்தில் ஒருவரிடமும் நான் அதைச் செய்ததில்லை. சாவியை அவர் கையில் வைத்தேன். தலையை ஆட்டாமல், நாடியை மட்டும் சற்று மேலே தூக்கி, நாக்கால் 'ச்' என்றேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது.