வெந்நீர் அக்கா

கதவைத் தட்டிவிட்டு ஓரடி பின்வாங்கி நிற்பார் வெந்நீர் அக்கா. "முகத்துல அடிச்ச மாதிரி சாத்துனா மூக்காவது மிஞ்சணும்ல?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். பூமிக்கடியில் உள்ள வெப்பத்தை எடுத்து மின்சாரம் தயாரிக்கும் திட்டத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பேசுவது அவர் வேலை. பட்டப்பெயர் எங்கள் தெரு வைத்தது.

"கீழ பாறை கொதிக்குது. தண்ணிய விட்டா ஆவியா மேல வரும், அதுல சக்கரம் சுத்தும். கரியும் வேணாம், புகையும் இல்ல." புகை என்னும்போது குரல் தானாக இறங்கிவிடும். அவர் கணவர் ஊர்க்கோடி அனல்மின் நிலையத்தில் கரி அள்ளியவர். இப்போது எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிறது. மூக்கில் குழாயோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார்.

தெருவில் முதலில் சம்மதித்தது அக்காவின் சொந்தத் தங்கை. "நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றவள், மற்றவர்களையும் இழுத்து வந்தாள்.

தெருவுக்குப் பின்னால் ஆழமாகக் குழி துளைத்தார்கள். ஆழத்தில் வெப்பம் இருந்தது. ஆனால் பாறை இறுகிக் கிடந்தது, தண்ணீர் புக வழியில்லை. அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் செலுத்தி விரிசல் உண்டாக்கினார்கள். ஒரு மத்தியானம் தரை உறுமி அதிர்ந்தது. தங்கை வீட்டுப் படுக்கையறைச் சுவர் பிளந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் காரை பெயர்ந்து விழுந்தது.

ஓடி வந்த அக்காவைத் தங்கை வாசலிலேயே மறித்தாள். "புள்ள மேல விழுந்திருந்தா? உன் புருஷனுக்கு மூச்சு வேணும்னு எங்க வீட்ட இடிப்பியா?"

அக்கா தங்கையின் தோளுக்கு மேலாகத் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டம் கைவிடப்பட்டது. அதைச் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. "குழிய சிமென்ட் ஊத்தி அடைக்கப் போறாங்க. இனிமே அதிராது" என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப கரண்டுக்கு?" என்றார்.

"பழையபடி கரிதாங்க."

 தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினாள்.

நானும் அக்காவோடு அவர் வீடுவரை போனேன். படுத்தபடியே கணவர் கேட்டார். "கூட்டத்துல என்னாச்சு? மறுபடி எப்ப ஆரம்பிக்கிறாங்களாம்?"

"கொஞ்சம் தள்ளிப் போகுமாம். நீங்க பேசாதீங்க, மூச்சு வாங்குது."

அக்கா அவர் தலையை மெல்லத் தூக்கிப் பிடித்து, ஜன்னல் வழியாக வந்த கரித்தூள் படிந்திருந்த தலையணையைத் திருப்பிப் போட்டார்.