தங்கச்சிக்கு மட்டும் குறி இல்லை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் டேபிளில் வேலை. தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை மடித்துப் பார்ப்பேன். வெடிப்போ தழும்போ தெரிந்தால் சில்வர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவேன். தோலில் போட்ட குறி துடைத்தால் போய்விடும். காகிதத்தில் போட்டால் போகாது என்பது ஒரு நாவலைப் படித்தபோதுதான் தெரிந்தது.

லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த பழைய நாவல். படித்தவர்கள் எல்லாம் அழுதார்களாம். எனக்கு அழுகை வரவில்லை, கொலைவெறி வந்தது. கதையில் ஒருத்தி புருஷனின் அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு ஓடிவருகிறாள். ஒவ்வொரு முறையும் தலை வாரி, பூ வைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். கடைசியில் அவன் அவளை உலக்கையால் அடித்தே கொல்கிறான். மண்டை பிளந்த சத்தத்தைக்கூட எழுதியவர் விட்டுவைக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முன் சீட்டுக் கம்பியை ஓங்கிக் குத்தினேன். விரல் வீங்கிப்போனது.

காரணம், அப்போது எங்கள் வீட்டில் அக்கா இருந்தாள். வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தவள். அவள் வீட்டுக்காரனை நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இதை எழுதும்போது அந்த மரியாதை அவனுக்குக் கிடையாது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அவள் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருந்தான். வலது கையில் மாவுக்கட்டு. முடியைப் பிடித்து இழுத்ததில் காதோரம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை. அப்படியிருந்தும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவரோடு அவன் வந்து அழைத்துப் போகட்டும் என்று அப்பா பேசி முடித்துவிட்டார். இந்த முறை போனால் அக்கா உயிரோடு திரும்ப மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நாவலை மறுபடி முதலிலிருந்து படித்தேன், கையில் சில்வர் பேனாவோடு. அவள் சாவைத் தடுத்திருக்கக்கூடியவர் யார் வந்தாலும் அந்த வரியின் மேல் ஒரு பெருக்கல். பூ வைத்துவிட்ட அம்மாவுக்கு ஒன்று. போய் வா என்று சொன்ன அப்பாவுக்கு, அழுத்தி, இரண்டு. அலறல் கேட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்று. எல்லோரையும் ரிஜெக்ட் செய்தும் ஆத்திரம் தீரவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அக்கா அதைப் படித்து முடித்திருந்தாள்.

"இன்னாடி இது, புக்கு பூரா பெருக்கல்?"

சொன்னேன். அவள் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். கதையில் அக்காவை வண்டியேற்றும்போது கதவுக்குப் பின்னால் நின்று தங்கச்சி தேம்பித் தேம்பி அழும் இடம்.

"இவளுக்கு மட்டும் ஏன்டி போடலை? நல்லா அழறாளேன்னா?"

பேனாவை இடது கையில் வாங்கி, அந்தத் தங்கச்சியின் மேல் கோணல்மாணலாக ஒரு பெருக்கல் போட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெரியவர் ஜெபம் பண்ணினார். அம்மா டீ கொடுத்தாள். அவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "சின்ன விஷயம் மாமா, இவதான் பேஜார் பண்ணிட்டா" என்றான். அப்பா அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"போய்ட்டு வாம்மா."

அவன் எழுந்து மாவுக்கட்டுப் போட்ட கையையே பிடித்து இழுத்தான். அக்காவின் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷ சத்தமாக இல்லை.

நானும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கையில் அந்தப் புத்தகம், அட்டை பைண்டிங் போட்ட கனமான புத்தகம். ஓடிவந்து அதன் முதுகால் அவன் மூக்கில் அடித்தேன். சாய்ந்தவனை விடாமல் மறுபடி மறுபடி அடித்தேன். ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையிலும் என் கையிலும் வழிந்தது. அப்பா என்னை அறைந்தார். காது கொய்யென்றது. "என்னைக் கொன்னுட்டு அவளைக் கூட்டிட்டுப் போங்க" என்று கத்தினேன். பெரியவர் அவனைத் தாங்கி வெளியே கொண்டுபோனார். போலீசுக்குப் போகிறேன் என்று வாசலில் நின்று மிரட்டினான்.

"போய்யா. நானும் வர்றேன், இந்தக் கையைக் காட்றதுக்கு" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் போலீசுக்குப் போகவில்லை, பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான்.

வாசல் அடங்கியதும் அக்கா தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள்.

"இதை அழிச்சுடுடி."

"பேப்பர்ல போட்டா அழியாதுக்கா."

அவள் கேட்கவில்லை. தங்கச்சியின் மேலிருந்த குறியை இடது கை நகத்தால் சுரண்டினாள், காகிதம் ஓட்டையாகும் வரைக்கும். ரத்தக்கறையும் ஓட்டையுமாக இருந்ததை லைப்ரரியில் திருப்பி வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். புத்தகம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, அக்காவும்தான்.