என் குரல் இல்லை என்று கையெழுத்திட்டேன்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் அலுவலக உதவியாளனாக இருக்கிறேன். பட்டப்படிப்பு வகுப்புகள் நடக்கும் இடம். நான் படித்தது ஐந்தாம் படிவம், அதாவது பள்ளிப் படிப்பு வரை. கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்து வகுப்பறைகளைத் திறப்பேன். ஒரு விரிவுரையாளருக்கு மட்டும் கூடுதல் சேவகம் உண்டு. அவர் “அடுத்தது” என்று சொன்னதும் நான் கணினியில் அடுத்த படத்தைத் தட்டிவிட வேண்டும்.

அவர் நடத்தும் பாடம், இயந்திரம் செய்யும் பொய்ப் படங்களையும் பொய்க் குரல்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. அந்தப் பாடத்துக்கு மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை அச்சடித்துக் கட்டி வைப்பதும் நான்தான். பாதிக் கட்டுரைகளுக்கு முதல் வரி ஒன்றேதான். இயந்திரத்தை நம்பாதே என்று இயந்திரத்தைக் கொண்டே எழுத வைத்திருந்தார்கள். விரிவுரையாளர் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டார். படித்துப் பார்த்துத்தான் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

போன பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமைத் தேர்வைப் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து காலை பத்து மணிக்கு மாற்றினார்கள். அதை மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்கள். எனக்கு நாலு பேர் கேட்கப் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் தாளில் எழுதி, சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி வாசித்து அனுப்பினேன். மூன்று முறை அழித்து, நாலாவதாக அனுப்பியது அது.

வெள்ளிக்கிழமை காலை பாதி வகுப்பு வரவில்லை. இரண்டு மணிக்கு வந்து நின்றார்கள்.

“அது ஏஐ குரல்னு நெனச்சோம், டாக்டர். நீங்கதானே எதையும் நம்பாதீங்கன்னு சொன்னீங்க,” என்று விரிவுரையாளரிடம் சொன்னான் ஒருவன்.

காலையில் தூங்கிவிட்ட முகங்கள் அவை. விரிவுரையாளருக்கோ தன் பாடம் பலித்துவிட்ட பூரிப்பு. என் பதிவை ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பார்த்தார். இயந்திரக் குரலாக இருக்கலாம் என்றது அது. என் கைப்பேசியை ஒரு நிமிடம் வாங்கிப் பார்க்கவேண்டும் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“அண்ணே, சின்ன லெட்டர்தான். அந்த வாய்ஸ் நோட்டு நீங்க அனுப்பல, யாரோ உங்க குரல்ல செஞ்சிட்டாங்கன்னு ஒரு சைன் போடுங்க. பசங்களுக்கு மறுதேர்வு வெக்க ஒரு காரணம் வேணும்லா.”

“நான்தான் டாக்டர் அனுப்புனேன்.”

“தெரியும் அண்ணே. யாருக்கு என்ன நஷ்டம்?”

மறுத்தால் இன்னும் நாலு வாக்கியம் பேச வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று ரயிலில் கிள்ளான் வரை என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

இந்தப் பருவம் புது மாணவர்கள் வந்தார்கள். மூன்றாம் வாரம் விரிவுரையாளர் “அடுத்தது” என்றார். தட்டினேன். ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வு, காலை பத்து மணி.

“இது நம்ம காலேஜிலயே நடந்த மோசடி. கவனிங்க, மூச்சு விடுற சத்தமே இல்ல. மனுசன் இப்படிப் பேசுவானா?”

“ஆமாலா, உயிரே இல்ல,” என்றாள் ஒருத்தி.

“கிளினிக்ல நம்பர் கூப்பிடுற மெஷின் மாதிரி இருக்கு,” என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

“ஒரிஜினல் ஆள் யாரு, டாக்டர்?”

“அதோ, கம்ப்யூட்டர்கிட்ட உட்கார்ந்திருக்காரு. தன் குரல் இல்லன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்காரு.”

எல்லாத் தலைகளும் திரும்பின. இத்தனை வருடத்தில் அந்த அறையில் யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

“அது என் குரல்தான்,” என்றேன்.

விரிவுரையாளர் சிரித்தார். “அண்ணே, ஜோக் அடிக்காதீங்க.”

“ஸ்டோர் ரூம்ல நின்னு பேசுனேன். வெக்கத்துல மூச்சப் புடிச்சுக்குவேன்.”

முன்வரிசைப் பெண் விடவில்லை. “அப்ப ஏன் அங்கிள் சைன் போட்டீங்க?”

“போடச் சொன்னாங்க, போட்டேன். குரல் நெசம்தான்மா. அந்த லெட்டர்தான் பொய்.”

யாரும் சிரிக்கவில்லை. விரிவுரையாளர் திரையைப் பார்த்தபடி “அடுத்தது” என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும் “அடுத்தது” என்றார்.

நான் தட்டவில்லை.