ஆறாம் வகுப்பில் ஓர் இடம்

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே நான் ஆறாம் வகுப்பைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் பக்கம் இரண்டு தனியார் தொடக்கப் பள்ளிகள். இரண்டும் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதன்பின் பிள்ளை எங்கே போகும்? ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் அவள் படிப்பு பாதியில் நிற்காது என்று நம்பினேன்.

முதல் பள்ளி அடுத்த தெருவிலேயே இருந்தது. ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். பிள்ளைகள் மேல் கை வைக்க மாட்டார்கள். என் மனைவிக்கு அதுதான் பிடித்தது. நான் விசாரித்தேன். அங்கே ஐந்தாவது முடித்த பதினொரு பெண்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம் வாங்கியவர்கள் இரண்டே பேர். ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த இன்னொரு பள்ளியில் பதினான்கு பேருக்குப் பதின்மூன்று. மிச்சம் ஒருத்தியும் டைபாய்டில் படுத்திருந்தாளாம். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன் ஒரு பிரம்பு வாங்கிவந்து தாளாளரிடம் கொடுக்க வேண்டும். அதில் பிள்ளையின் பெயரை ஒட்டி அலமாரியில் வைப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பிரம்புதான். தானே கொடுத்த பிரம்பால் விழுந்த அடியை எந்தத் தகப்பன் போய்க் கேட்பான்? நான் நான்கு கடை ஏறி, இருப்பதில் மெல்லியதாகப் பார்த்து வாங்கினேன். மெல்லிய பிரம்புதான் தோலை அதிகம் கிழிக்கும் என்பது எனக்குத் தெரியாது.

சாயங்காலங்களில் அவள் கெண்டைக்கால் வரிகளை எண்ணுவேன். மனைவி தேங்காய் எண்ணெய் தடவுவாள். என்னோடு பேச மாட்டாள்.

ஐந்தாவதில், வாய்ப்பாட்டில் தடுமாறியதற்காகத் தாளாளர் அடித்தபோது, தடுக்க நீட்டிய இடது கையில் சுண்டுவிரல் முறிந்தது. பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மச்சினன் அவள் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நடந்தான். நான் பின்னால் ஓடினேன்.

தாளாளர் அலுவலக வாசலில் நின்று பிரம்பைக் காட்டினார். "ஒங்க அத்தான் வாங்கித் தந்த பிரம்புதானய்யா இது. அவர்ட்டப் போய்க் கேளும்."

மச்சினன் எதுவும் கேட்கவில்லை. அறைந்தான். மூன்று அறை. இரண்டாவதில் தாளாளரின் கண்ணாடி தெறித்தது. மூன்றாவதில் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. பள்ளிக்குப் பக்கத்திலேயே அவருடைய பஞ்சுக் கிட்டங்கி இருந்தது. மூட்டை தூக்கும் ஆட்கள் ஓடிவந்து மச்சினனைத் தள்ளி, விலாவில் மிதித்தார்கள். விலக்கப் போன எனக்கு முழங்கை வாயில் பட்டு முன்பல் ஆடியது. கடைசியில் போலீஸ்காரர்கள் வந்து பிரித்தார்கள். புகார் வேண்டாம் என்று இரு பக்கமும் எழுதிக் கொடுத்தோம். விலா வீக்கம் வற்றுவதற்குள் விடுமுறை முடிந்து மச்சினன் ரயிலேறிவிட்டான்.

பரீட்சையும் முடிந்தது. ஆறாவதில் சேர்க்க இந்தப் பள்ளியின் ரெக்கார்டு ஷீட் வேண்டும். தாளாளர் தர மறுத்தார். தான் வாங்கிய அறைகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் தருவாராம். மச்சினன் ஊரில் இல்லாததால் நான் வர வேண்டுமாம், பிள்ளைகள் பார்க்கக் காலை பிரேயரில்.

"போகாதிய. அந்த எடமே நமக்கு வேண்டாம்" என்றாள் மனைவி.

எனக்கு அது கணக்காகப் படவில்லை. ஐந்து வருடம் அவள் வாங்கிய அடியெல்லாம் அந்த ஓர் இடத்துக்காக. அதையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது அடி மட்டும்தான்.

கடைசி நாள் பிரேயரில் கொடிக்கம்பத்தருகே போய் நின்றேன். எதிரே வரிசை வரிசையாகப் பிள்ளைகள். கடைசி வரிசையில், கட்டுப் போட்ட கையோடு என் மகள். முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் ஆடிக்கொண்டிருந்த பல் நாக்கில் விழுந்தது. மூன்றாவதோடு முடிந்தது என்று நிமிர்ந்தேன். நான்காவது விழுந்தது. மறுபடியும் கையை ஓங்கினார்.

"சார்." மகள் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள். "எங்க மாமா மூணுதான் சார் அடிச்சாவ. நீங்க நாலு அடிச்சிட்டிய."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர்கள் தரையைப் பார்த்தார்கள். ஓங்கிய கை இறங்கியது. ஷீட்டைத் தாளாளர் அவளிடமே கொடுத்தார். நான் ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் பின்னால் நடந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம் கிடைத்தது. தொண்ணூறுகளில் பத்தாவது வரை அங்கேதான் படித்தாள்.

அடுத்த விடுமுறையில் வந்த மச்சினன் நடந்ததைக் கேள்விப்பட்டு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நான் குடுத்தத நீங்க போய் வாங்கிட்டு வந்துட்டியளே அத்தான்."

இடம் கிடைத்ததே என்றேன். அவன் உள்ளே வரவில்லை. அவனுக்காகப் போட்ட இலையை மனைவி சோறு வைக்காமலே மடக்கினாள்.