அறுபதாம்படியில் நின்றுவிட்ட தாய்மாமன்

தங்கையின் கல்யாணத்தைத் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலும், வரவேற்பைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழங்கால மண்டபத்திலும் வைக்கலாம் என்று அடம்பிடித்தது நான்தான். போன ஆவணியில் நடந்தது. அப்படிப்பட்ட இடங்களைத் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அதிகாலை நாலரைக்குச் சேலத்திலிருந்து வேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், வாடகை ஐயாயிரம். மலைப்பாதையில் ஏறி ஆறு மணிக்குக் கோயிலை அடைந்தோம். முகூர்த்தம் ஏழரைக்குள். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி. மாமாவைக் காணோம்.

ஆறேகாலுக்கு அப்பாவுக்குப் போன் வந்தது.

"மச்சான், அறுபதாம்படில நிக்கறனுங்க. எனக்குப் பத்திரிகையக் கையில குடுத்தீங்கன்னு இங்க வந்து சத்தியம் பண்ணுங்க. அப்பறம் மேல வாரேன்."

படிக்கட்டு வழியில் இருக்கிறது அறுபதாம்படி. அங்கே பொய்ச்சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ற புள்ளையும் மருமவனும் தாம்பூலத்தோட நேர்ல குடுத்தாங்க. சத்தியம் பண்ண எனக்கென்ன பயம்?" என்று படியிறங்கினார். பின்னாலேயே ஓடினேன். எனக்குத்தான் உண்மை தெரியும். பத்திரிகை கொடுக்க நானும் என் கணவரும் போன அன்று மாமா வீடு பூட்டிக் கிடந்தது. இன்னும் ஏழு வீடு பாக்கி. ஜன்னலில் செருகிவிட்டு, கையில் கொடுத்ததாக அப்பாவிடம் அளந்துவிட்டேன்.

மாமா சூடத்தை ஏற்றித் தயாராக நின்றார். அதை அணைத்துச் சத்தியம் செய்ய அப்பா கையை நீட்டியும்விட்டார்.

"வேண்டாங்கப்பா!" அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, ஊடு பூட்டியிருந்துச்சுங்க. ஜன்னல்ல சொருகிட்டு அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டேனுங்க."

அப்பா என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மாமா சட்டைப்பையிலிருந்து மழையில் ஊறிக் காய்ந்த பத்திரிகையை எடுத்தார். "இத வெச்சுக்கிட்டு ஒரு மாசமா ஊர்க்காரனுக்குப் பதில் சொல்றேன் சாமி. இந்தா, இப்பக் குடு."

இரு கையாலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். ஏழேகாலுக்குப் பட்டம், ஏழு இருபத்தைந்துக்குத் தாலி.

மாலை வரவேற்பில் மண்டபத்துத் தேக்குத் தூண்களை எல்லோரும் மெச்சினார்கள். சந்து குறுகல், கார் நுழையாது. முன்னூறு மீட்டர் நடக்க வேண்டும், வயதானவர்களுக்கு ஆட்டோ சொல்லிவையுங்கள். மலையில் ஒரு மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையைக் கையில் கொடுங்கள், வீடு பூட்டியிருந்தால் மறுபடி போங்கள்.

மாமா அன்றே மறந்துவிட்டார். அப்பாதான் இப்போது நான் சாப்பிட்டேன் என்று சொன்னாலும், "நெசந்தானா கண்ணு?" என்று கேட்கிறார்.