படகோட்டிக்கு எப்படித் தெரியும்?

இது கட்டுக்கதை இல்லை. கட்டுக்கதை எழுதத் தெரிந்தவராக இருந்தால் நம் டெஸ்டர் ஏன் அந்தக் கம்பெனியில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கப் போகிறார்? நடந்ததும் நட்டநடு ராத்திரியில் அல்ல. பட்டப்பகலில்.

வீடியோ கேம்களில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. இந்தக் கேமை ஒருவர் மட்டும் தனியாக ஆடலாம். இதில் வரும் ஊர்க்காரர்களின் மூளை கேம் ஓடும் கன்சோல் பெட்டியில் இருக்காதாம். எங்கோ தொலைவில், கிளவுடு என்கிற கம்ப்யூட்டர்களில் இருக்குமாம். அங்கிருந்து யோசித்து, மனிதர்களைப் போலவே பேசுவார்களாம். கிளவுடு இல்லாவிட்டால் வெறும் பொம்மைகள், மனப்பாடமாக நாலு வரி, அவ்வளவுதான். இதைக் கம்பெனி டைரக்டர் நாற்பது நிமிடம் முழங்கினார். அன்றிலிருந்து ஆபீசில் அவருக்கு மேகநாதர் என்று பெயர்.

சம்பவம் நடந்ததற்கு மறுநாள் கேம் கடைகளுக்குப் போக வேண்டும். பிழை இல்லை என்று டெஸ்டர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

பகல் 1.50. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். திரையில், அந்த ஊர்க்காரர்களில் ஒருவனான படகோட்டி அவர் பக்கம் திரும்பினான். எழுத்து ஓடியது.

"சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தார். மாறித்தான் இருந்தது. அந்த அறையில் கேமரா கிடையாது.

புகார் எழுதினார். உடனே மேகநாதரிடமிருந்து போன் வந்தது.

"அதுதான்யா கிளவுடு! இதைப் போய் பிழைன்னு எழுதுறியே!"

புகாரை மேகநாதரே மூடிவிட்டார்.

2.35. துடுப்புச் சத்தம். சளக்... சளக்... கேமை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

மறுபடி புகார்.

"சவுண்டு பிரமாதம்ல?"

அதையும் மூடிவிட்டார். டெஸ்டர் பல்லைக் கடித்தார். சுவரிடம் சொல்லியிருந்தால் அது பதிலாவது பேசாமல் இருந்திருக்கும்.

3.42. நிறுத்திய கேமில் எழுத்து ஓடியது.

"பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டா. தனியாத்தானே இருக்கா?"

வீட்டுக்குப் போன் போட்டார்.

"இப்பதான்ப்பா உள்ள வந்தேன். குழாயைத் திறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"ஏன்டா?"

"உள்ள தண்ணி சத்தம் கேக்குது... சளக் சளக்னு..."

"பக்கத்து வீட்டுக்குப் போ. ஓடு!"

4.05. அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள். நன்றாகத்தான் இருந்தாள்.

அவர் மட்டும் தன் வீட்டுக்குள் போனார். குழாய் காய்ந்து கிடந்தது.

கூடத்துத் தரை...

ஈரம்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. மேகநாதரே போட்டுக்கொண்டார்.

மறுநாள் நெட்வொர்க் பார்க்கும் தம்பியைப் பிடித்து, அந்தக் கிளவுடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"எந்தக் கிளவுடுண்ணே? உங்க ரூம் கன்சோலுக்கு இன்னும் நெட் லைனே இழுக்கல. கிளவுடு அடுத்த மாசம்தான் வருது."

டெஸ்டர் மேகநாதரிடம் ஓடினார். விஷயத்தைச் சொன்னார். மேகநாதர் முகம் மலர்ந்தது.

"அப்ப கிளவுடு இல்லாமலே ஓடுதா? அட, செலவு மிச்சம்யா!"

கேம் ஏற்றிய லாரி காலை 9.10க்கே கடைகளுக்குக் கிளம்பிவிட்டிருந்தது.

அங்கிருந்து நாற்பதாயிரம் வீடுகளுக்கு.